மேசையிலேயே விட்டுப் போங்கள்

ஜூன் 17, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அதனால் காலையிலேயே நூலகம் நிறைந்துவிட்டது. வாசலெல்லாம் குடை, செருப்பு, சேறு. துடைத்தது நான். நூலக உதவியாளர் வேறு யார்?

மிஸ் கூப்பிட்டு புது சிஸ்டத்தைக் காட்டினார். மிஸ்தான் நூலகர், சிங்களவர். என்னை ‘நங்கி’ என்பார், தங்கச்சி என்று. கண்டிப்பு, ஆனால் நியாயம். இனி எந்த மொழியில் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே பார்க்குமாம். அதை வைத்துத்தான் புதுப் புத்தகம் வாங்குவார்களாம்.

“நங்கி, தமிழ் பொத்... புத்தகம், இந்த முறை வாங்க ஏலாது. பாருங்க, ஒருத்தரும் எடுக்க இல்ல. பூஜ்யம்.”

திரும்பிப் பார்த்தேன். தமிழ் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார இடம் இல்லை. பூஜ்யமாம்!

வீட்டுக்கு எடுத்துப்போக அட்டை வேண்டும். அட்டைக்கு, பிரதேச சபைக்கு வீட்டு வரி கட்டுகிறவர் கையெழுத்து வேண்டும். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்தில் வரி கட்டுகிறவர் யார்? நானே கட்டுவதில்லை. அதனால் நம் ஆட்கள் இங்கேயே வாசித்துவிட்டுப் போகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

கோபம்.

ஜூன் 18, புதன்

தூறல். மிஸ்ஸிடம் மறுபடி போய் நின்றேன். உள்ளே வாசிக்கிறதையும் பதிய ஒரு திரை இருக்கிறதாம், அவரே திறந்து காட்டினார். வாசித்த புத்தகத்தை மேசையில் விட்டுப் போனால், ஸ்கேனரில் ஒரு ‘பீப்’. அவ்வளவுதான். சிங்களப் புத்தகங்கள் அப்படித்தான் பதிவாகின்றனவாம்.

அப்புறம்தான் உறைத்தது. நம் ஆட்கள் மேசையில் விடுவதே இல்லை! எடுத்த இடத்தில், முதுகு நேராக, துடைத்து வேறு வைத்துவிட்டுப் போகிறார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் கங்காணி கத்துவார் என்று பழகிய கை. இவ்வளவு ஒழுங்காக இருந்தே பூஜ்யமாகிவிட்டோம்.

அலமாரியிலிருந்து இழுத்து இழுத்து நானே ‘பீப்’ அடித்தால் யாருக்குத் தெரியும்? மாட்டேன். வாசித்தது உண்மை. பொய் எதற்கு?

வாங்க: சோப், குடைக் கம்பி, தம்பிக்கு சிம் ரீலோட்.

ஜூன் 21, சனி

நல்ல மழை. நல்லது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: “திருப்பி வைக்காதீங்க. மேசையிலயே விட்டுட்டுப் போங்க.”

முதல் ஆளே மாட்டிக்கொண்டாள். செல்வமணி அக்கா. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா, பால்வெட்டு வேலை. ஒரு நாவலின் முதல் பாகம் மட்டும் இங்கே இருக்கிறது, யாரோ கொடுத்தது. அதை எத்தனை முறை வாசித்தாளோ. மாமியார் வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண் பஸ் மிதிபலகையில் ஒரு கால் வைக்கிறாள், பின்னால் கூப்பிடுகிறார்கள். அதோடு முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் நம்மிடம் இல்லை. என்னைப் பார்க்கும் போதெல்லாம் “ஏறினாளா இல்லையா?” என்பாள். நான் என்ன, டிரைவரா?

“ஐயோ, அப்புடியே போட்டுட்டுப் போனா நம்மள என்னா நெனைப்பாங்க?”

“என்னா வேணா நெனைக்கட்டும். வச்சீங்கன்னா ரெண்டாம் பாகம் வராது.”

சரி என்றாள். தலையைத் திருப்பினேன், போய் வைத்துவிட்டாள். துடைத்து!

ஜூன் 24, செவ்வாய்

மழை. கரண்ட் போய் வந்தது. மேசையெல்லாம் தமிழ்ப் புத்தகம். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி!

மத்தியானம் சபைச் செயலாளர் திடீரென்று வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் மாறியது. “மொகத மே? பொல வகே!” இதென்ன, சந்தை மாதிரி இருக்கிறதாம். உடனே எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

ஸ்கேன் பண்ணின பிறகு வைக்கிறேன் சேர் என்று சிங்களத்தில் சொன்னேன். இப்போதே என்றார். கம்ப்யூட்டர் கரண்ட் போனதில் நின்று, அப்போதுதான் திரும்ப உயிர் வந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை.

ஆனால் ‘துரை’, ‘சேர்’ என்றால் எழுந்து நிற்கிற ஆட்கள் நாங்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். செல்வமணி அக்காவின் கை புத்தகத்தை அடுக்கப் போனது. போச்சு என்று நினைத்தேன். கை அப்படியே நின்றது. அவள் திரும்ப உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள்.

“நாங்க இன்னும் வாசிச்சு முடிக்கல சேர்.”

மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மிஸ் உள்ளே இருந்து வந்து, இதுதான் புது முறை சேர் என்றார். செயலாளர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்தரம் பீப், பீப், பீப். இவ்வளவு இனிமையான சத்தம் கேட்டதில்லை. பஸ்ஸில் வரும்போது சும்மா சும்மா சிரிப்பு. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

ஜூலை 3, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்து ஓடிவிட்டது. அரையாண்டு அறிக்கை வந்தது. தமிழுக்கு நேரே பூஜ்யம் இல்லை! மிஸ் இரண்டு தரம் பார்த்தார். “ஹரி நங்கி. தமிழுக்கும் ஓர்டர் போடுங்க.”

அட்டைக் கையெழுத்து விஷயத்தையும் விடப் போவதில்லை. அது அடுத்த சண்டை.

முதல் ஓர்டர் எதுவென்று யோசிக்கவே இல்லை. அந்த நாவலின் பெயரை அடித்தேன், இரண்டாம் பாகம். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்தது: ‘இந்த நூல் ஏற்கெனவே உள்ளது. கைவிடவா? தொடரவா?’

வேலை முடிந்து நேரே வந்த செல்வமணி அக்கா, ரப்பர் பால் வாசனையோடு என் தோளுக்குப் பின்னால்.

“என்னாவாம்?”

“இருக்காம்.”

“இருக்கா? பாதிதான இருக்கு! அத நீ சொல்லு அதுக்கிட்ட.”

சொன்னேன். ‘தொடரவும்’.