முதுகோடு முதுகு சாய்ந்து

அக்கா,

உன் மகள் இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்தாள். பொட்டலம் பிரிந்ததும் எழுந்த மணத்துக்கு இராஜபாளையத்து நாய்கள் மொத்தமும் என் வாசலில் மாநாடு கூட்டியிருக்க வேண்டும். நானோ அதைக் கையில் வைத்தபடி உன்னை நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இதே பால்கோவாதான். அவள் பத்தாம் வகுப்பு படிக்கையில், தோழிகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போன புரட்டாசிச் சனிக்கிழமை, வாய் நிறைய இதை அடைத்திருந்த நொடியில் ஒருத்தி படம் எடுத்தாள். மறுநாளே அது வாட்ஸ்அப் ஸ்டிக்கராகி வகுப்பு முழுக்கச் சுற்றியது. யார் என்ன எழுதினாலும் பதிலுக்கு அவள் முகம். சாப்பாட்டு மணி அடித்தால், "ஏட்டி அண்டாவாயி, வாயத் தொற" என்று கூச்சல். அவள் டிபன் பாக்ஸைத் திறப்பதையே விட்டுவிட்டாள். நமக்கு ஒன்றும் தெரியாது.

சுற்றிய ஸ்டிக்கர் சொந்தக்காரர் யாரோ வழியாக நம் குடும்பக் குழுவுக்கும் வந்தது. அந்தக் குழுவுக்கு நான்தான் நிரந்தரச் சக்கரவர்த்தி. எனக்கே சூது விளங்கவில்லை. நீ பூரித்துப்போனாய். "ஏலே தம்பி, எம்புள்ள எம்புட்டு அழகா சாப்பிடுதா பாரு!" நீ வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்குப் பஸ் ஏறியதும், தினமும் காலை வணக்கத்துக்குப் பதிலாக அதையே அனுப்பினாய்.

வீட்டிலும் அவள் சாப்பாட்டை ஒதுக்கினாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கட்டிலில் உன்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "நீயுமாம்மா என்னைக் கேலி பண்ணுத?"

நான் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிற ஆள். அப்போதைய உன் முகத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

வராந்தாவில் என் கையைப் பிடித்தாய். "எல்லார் போன்லயும் அழிச்சிருலே."

"இனி முடியாதுக்கா. எங்கெங்க கிடக்கோ."

பள்ளியில் பேசினோம். அந்தப் பிள்ளைகள் அழுது மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் ஒருவர் பார்க்க வாயைத் திறக்க அவளால் முடியவில்லை. எதிரில் ஆள் இருந்தால் சோறு தொண்டையில் நிற்கும். தனியே விட்டால் தட்டு அப்படியே இருக்கும். அப்போதுதான் நீ உன் தட்டோடு போய் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாய். "நானும் பாக்கல, நீயும் பாக்காத. செத்த நேரம் சாஞ்சுக்க." முதுகோடு முதுகு சாய்ந்து இருவரும் சாப்பிட்டீர்கள். அவள் மெல்லுவது உன் முதுகுக்குத் தெரிந்தது என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாய்.

போன மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, காலியான அந்தப் பதவிக்கு என்னை நானே நியமித்துக்கொண்டேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே நிழல் கொடுக்கிற முதுகல்லவா என்னுடையது! ஞாயிறுதோறும் வருவாள், சாய்வாள், சாப்பிடுவாள். நான் சுவரைப் பார்த்துக் கதை அளப்பேன். பால்கோவாவை மட்டும் இத்தனை காலம் அவள் தொட்டதில்லை.

இன்றும் சாய்ந்துதான் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. "மாமா, ஆ காட்டுங்க." ஆண்டாள் கோயில் கோபுரமே நுழையும் அளவுக்குக் காட்டினேன். முதுகில் இருந்த பாரம் விலகியது. எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஒங்க வாயா மாமா அது? குகையில்லா!" என்று சிரித்தாள், வாய் நிறைய.

என் போன் அடுத்த அறையில் கிடந்தது. அவள் வரும்போதெல்லாம் அங்கேதான் கிடக்கும். படம் எடுக்கவில்லை, அக்கா. உனக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.