போனில் சொன்னது பதில் இல்லை

மயூர் விஹார், தில்லி
10.9.1996

சிரஞ்சீவி ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் குழந்தை நந்துவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுவதுதான், ஆனால் இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. முதலில் ஒரு விஷயம், மற்றதெல்லாம் பிறகு. போன மாதம் பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய வீடியோ கேசட்டை அன்றைக்கு நாங்கள் பார்த்திருக்கவே இல்லை. பார்த்தோம் என்று நான் சொன்னது பொய். அறுபத்திரண்டு வயதில் பெண்ணிடம் பொய் சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேசட் ஜூலை கடைசியில் வந்தது. எழுத வரவில்லை, இதில் பேசியிருக்கிறேன், நீங்கள் இரண்டு பேர் மட்டும் பாருங்கள் என்று கூடவே ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாய். அதைப் படித்ததுமே அம்மா இது இரண்டாவது குழந்தைச் சமாசாரம்தான் என்று முடிவு கட்டி, பிரசவத்துக்கு டொரான்டோ வந்தால் ஸ்வெட்டர் எத்தனை வேண்டும் என்கிற வரைக்கும் போய்விட்டாள். நானும் நம்பினேன். நம் வீட்டு வி.சி.ஆர். உனக்குத் தெரியும், நீ எட்டாவது படிக்கும்போது வாங்கியது, கேசட்டைத் தலைவழியாக விழுங்கும். அதில் போட்டால் படமே வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தன, டி.வி.யில் சத்தம் ஒரே இரைச்சல். அந்த ஊர் கேசட் இந்த ஊர் மெஷினில் ஓடாது என்று கீழ் வீட்டு ஜெயகிருஷ்ணன் சொன்னார். அவரிடம் எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடும் மெஷின் இருக்கிறது, ஆனால் மெஷினைக் கேட்டால் கூடவே அவரும் வருவார், அவர் மனைவியும் வருவாள், காபி குடித்துக்கொண்டே முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நீ இரண்டு பேர் மட்டும் என்று எழுதியிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் நீ போன் பண்ணி, பாத்தேளாப்பா, என்ன சொல்றேள் என்று கேட்டாய். ஒரு மெஷினை ஓட்டத் தெரியவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பாத்தோம்மா, ரொம்ப சந்தோஷம், இதுல கேக்க என்ன இருக்கு, ரெண்டு பேரும் எப்பவும் இப்படியே ஒத்துமையா இருங்கோ என்று சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். பிறகு நீ, சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அந்தச் சரிப்பாவை நான் அப்போது கவனிக்கவில்லை, அம்மாதான் கவனித்தாள். நாம சொன்னதுக்கு எல்லாம் ஒரு ஆனாலும் போடறவளாச்சே, இன்னிக்கு என்ன வந்தது என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு உன் போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்ப் போட்டால் மாப்பிள்ளை எடுத்தார். அவள் இல்லை, நன்னா இருக்கா, சொல்றேன் என்றார். குழந்தையிடம் கொடுங்கள் என்றேன், தூங்குகிறான் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள், ஏன்னா, அந்த கேசட்டை எப்படியாவது கேக்கணும், முகம் தெரியாட்டாலும் போறது, பேச்சு கேட்டா போறும் என்றாள்.

பேச்சை மட்டும் கேட்க என்ன வழி என்று வி.சி.ஆரின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஏரியல் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் சத்தம் தனியாக வெளியே வருவதற்கு ஒரு சின்ன வட்டத் துவாரம் இருந்தது. அதிலிருந்து நம் பழைய டேப் ரிக்கார்டருக்கு ஒரு ஒயர் கொடுத்தால் டி.வி.யே வேண்டாம், பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று தோன்றியது. இரண்டு மெஷினின் பின்பக்கத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து லாஜ்பத் ராய் மார்க்கெட் போனேன். கடைக்காரன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அங்கிள்ஜி, மெஷீன் லே ஆயியே, கேசட் பீ லே ஆயியே, தோ மினிட் கா காம் ஹை என்றான். மெஷினோடு கேசட்டையும் கொண்டு வந்தால் அவனுக்கு இரண்டு நிமிஷ வேலையாம், கேசட்டை எப்படி அவனிடம் கொடுப்பேன்? மெஷின் கனம், தூக்க முடியாது என்று அவனிடமும் ஒரு பொய். அவன் கொடுத்த ஒயரின் ஒரு முனை வி.சி.ஆருக்குச் சரியாக இருந்தது, இன்னொரு முனை டேப் ரிக்கார்டரில் நுழையவே இல்லை. மறுநாள் திரும்பப் போனேன், அன்று மார்க்கெட் விடுமுறை. மூன்றாம் நாள் ஐந்து கம்பி வைத்த முனை ஒன்றைச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து செருகினால் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்த முழியைப் பார்த்து அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே போகிற துவாரத்தில் செருகியிருக்கிறேன், வெளியே வருகிறது அதற்குக் கீழே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு நாள் பிடித்தது.

இனிமேல் எழுதப்போவதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். பதிவு செய்ய டேப் ரிக்கார்டரில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். வி.சி.ஆரிலும் அப்படித்தான். இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கண்ணாடியை வேறு கழற்றி வைத்திருந்தேன். டேப் ரிக்கார்டரில் அழுத்த வேண்டியதை வி.சி.ஆரில் அழுத்திவிட்டேன். சத்தம் வரவில்லையே என்று காத்திருந்தேன், சிவப்பு விளக்கு அதில் எரிவதை அம்மாதான் பார்த்து அலறினாள். அதற்குள் இரண்டு மூன்று நிமிஷம் போயிருக்கும். நீ பேசின ஆரம்பம் முழுக்க அழிந்துவிட்டது, ஜ்யோத்ஸ்னா. நானே என் கையால் அழித்தேன். அழிந்த இடம் தாண்டியதும் உன் குரல் வந்தது, ஆனால் அந்த ஊர் கேசட்டை நம் மெஷின் மெதுவாக ஓட்டியதால் யாரோ தடித்த ஆள் அரைத் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. ஏன்னா, இது அவ இல்லை என்று அம்மா அழுதாள். நான் ஸ்டெனோவாக வேலையில் சேர்ந்தவன், மெதுவாகச் சொன்னால் எழுதிக்கொள்ள எனக்குச் சௌகரியம்தான் என்று தைரியம் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி எழுதினேன். முதலில் கிடைத்தது, அதனாலதான்பா இனிமே அவரோட இருக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டேன் என்பது. அடுத்தது, நந்துவைக் கூட்டிண்டு அங்க வந்துடட்டுமா என்பது. உங்க ரெண்டு பேருக்கும் சங்கடம்னா சொல்லிடுங்கோ, கோச்சுக்க மாட்டேன், உங்க வார்த்தைதான் எனக்கு என்று சொல்லியிருந்தாய். அதை எழுதும்போதுதான் போனில் நான் உனக்குச் சொன்ன வார்த்தை என்ன என்று எனக்குப் புரிந்தது. மேலே எழுத முடியவில்லை, மீதியை அம்மாதான் கேட்டுச் சொன்னாள். வீட்டு விலாசத்துக்கு எழுதாதீங்கோ, என் சிநேகிதி இந்திராணி விலாசத்துக்கு எழுதுங்கோ என்று நீ சொன்னதை நான்கு தடவை ஓடவிட்டு நம்பரைச் சரிபார்த்துக்கொண்டோம். கதவு எண் நாற்பத்தொன்றா நாற்பத்தேழா என்று இப்போதும் நிச்சயமில்லை, அதனால் இதே கடிதத்தை இரண்டு பிரதி எழுதி இரண்டுக்கும் அனுப்புகிறேன். இது உன் கைக்குக் கிடைக்குமா, கிடைப்பதற்குள் நீ என் பேச்சைக் கேட்டு அந்த வீட்டிலேயே இருந்துவிடுவாயா என்று ஒன்றும் தெரியாமல் இங்கே இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நடு அறையில் இருந்த என் புத்தக அலமாரியை ஹாலுக்கு மாற்றிவிட்டேன். நாலு வயசுக் குழந்தையை எந்த ஸ்கூலில் சேர்க்கலாம் என்று அம்மா யாருக்கு என்று சொல்லாமல் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஜெயகிருஷ்ணன் கேட்டால் பெண் வந்திருக்கிறாள் என்பேன், அதற்கு மேல் அவருக்கு எதற்கு. குழந்தையின் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா என்று முதலில் பார், மற்ற சாமான் எதற்கும் காத்திருக்காதே, குளிர்த் துணி இங்கே வாங்கிக்கொள்ளலாம். உனக்கும் குழந்தைக்கும் பகவான் துணை இருக்கட்டும், எங்கள் பரிபூரண ஆசி. நீ ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று சொல்லியிருந்த பகுதிதான் அழிந்துபோனது. சின்ன வயதில் சிநேகிதி வீட்டுக்குப் போவதென்றாலும் காரணம் சொல் என்று உன்னை நிற்க வைத்துக் கேட்டவன் நான். இன்னொரு தடவை அதைச் சொல்ல வேண்டாம்மா. காரணம் சொல்லாமலே வா.

இப்படிக்கு,
அப்பா
கே. தட்சிணாமூர்த்தி