நோரா மிஸ்ஸம்மா வாசித்த அயர்லாந்து மேல்சபை

1951 மார்ச் 4, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள். டைபாய்டு காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பி.ஏ. சரித்திரப் பரீட்சைக்குப் பதினைந்து நாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே இரண்டு வருஷம் படித்தது. வீணாகக் கூடாது. பாக்கி: அயர்லாந்து மேல்சபை, ஒரு அத்தியாயம்.

என் வீட்டுக்காரர் பேச்சிப்பாறை அணை வேலையிலிருந்து நேராக பஸ்ஸில் வந்தார். தலையணைக்கு அடியில் புஸ்தகத்தைச் செருகினார். "வாசிக்காண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் ஒண்ணும் கொண்டுவரல, கேட்டியா?"

மார்ச் 6

அகப்பட்டுக்கொண்டேன். நர்ஸ் நோரா மிஸ்ஸம்மாவிடம். அயர்லாந்துக்காரர். இங்கே வந்து இருபது வருஷம், பேச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு.

"ஏட்டி, கண்ணு கெட்டுப்போவும். கொண்டா இங்க."

பக்கத்தைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் வாசிக்கேன். நீ கண்ண மூடிட்டுக் கேளு."

நினைவில் நின்றவை:
– டப்ளினில் பழைய பிரபுக்கள் சபை. லண்டன் பார்லிமெண்டோடு இணைத்தபின் இல்லை.
– 1921, தென் அயர்லாந்துக்கு ஒரு மேல்சபை (மே.ச.). பாதிப் பேர்கூட வரவில்லை.
– 1922, சுதந்திர நாட்டின் மே.ச. சிறுபான்மையாருக்கும் குரல் வேண்டுமென்று பலரை நியமித்தார்கள்.

ராஜா காலத்தில் திருவிதாங்கூரிலும் இரண்டு சபை இருந்ததே. இப்போது ஒன்றுதான்.

கஞ்சிக்குத் துவையல் கேட்டேன். கிடைக்கவில்லை.

மார்ச் 8

மிஸ்ஸம்மா பாதியில் நிறுத்தினார். 'உள்நாட்டுச் சண்டையில், புது அரசை எதிர்த்தவர்களால் மேல்சபை உறுப்பினர் சிலருடைய வீடுகள் கொளுத்தப்பட்டன.' அந்த ஒரு வரியில்.

"இதுல ஒண்ணு எங்க மாமா வீடு."

அவர் அம்மாவின் அண்ணன். நியமன உறுப்பினர். அன்றைக்கு மிஸ்ஸம்மாவும் அங்கே இருந்தாராம், பத்தொன்பது வயது.

"மொகத்துல துணி கெட்டிட்டு வந்தானுவ. பத்து நிமிசம் தந்தானுவ. அத்தைக்கு எத எடுக்கணும்னே தோணல. ஒருத்தன் மட்டும் ஆளக் கூப்பிட்டு பியானோவ வெளிய தூக்கி வச்சான். அவன் நடந்த நடையப் பாத்தேன். எங்க அண்ணன்."

அதை மிஸ்ஸம்மா யாரிடமும் சொல்லவில்லையாம். மாமா அடுத்த வாரம் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். அண்ணனுக்கு மிஸ்ஸம்மா இருபத்தெட்டு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12

அத்தியாயம் முடிந்தது. மே.ச. மசோதாக்களைத் தாமதப்படுத்த, அரசுக்குக் கோபம். 1936இல் ஒழித்தார்கள். அடுத்த வருஷத்து அரசியல் சட்டத்தில் மறுபடி. இம்முறை விவசாயம், தொழில், கல்வி என்று துறைவாரியாக ஆட்கள், பல்கலைக்கழகங்களுக்கு இடம், பிரதமரின் நியமனம் சில. டெல்லி மேல்சபைக்கு ஜனாதிபதி பன்னிரண்டு பேரை நியமிக்கும் ஏற்பாடும் அங்கே பார்த்து எடுத்ததாம்.

"கலைச்சத என்னத்துக்குத் திரும்ப வச்சாங்க?" என்றேன்.

"இல்லாம இருந்து பாத்தாச்சுல்லா."

புது சபையில் மாமாவுக்கு இடமில்லை. சாவதற்கு முன் மிஸ்ஸம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாராம். பியானோ தூக்கியவன் யாரென்று அன்றைக்கே தெரியும், அவன் இப்போது கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறான் என்று.

"மாமா மன்னிச்சாச்சு. வீடு போனது அவருக்கு. கோவம் மட்டும் எங்கிட்ட கெடக்கு."

மார்ச் 19, திங்கள்

பரீட்சை எழுதிவிட்டேன். டாக்டர் அனுமதித்தார், மிஸ்ஸம்மா கூடவே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. பார்லித் தண்ணீரோடு மூன்று மணி நேரம் பரீட்சை மண்டப வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

மேல்சபை தேவையா, அயர்லாந்தை வைத்து விவாதிக்கச் சொல்லி ஒரு கேள்வி. எட்டுப் பக்கம். தேவை என்றே எழுதினேன். வீடுகள் எரிந்ததற்கு ஒரே வரி. அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

மார்ச் 20

வீட்டுக்கு, இராஜாக்கமங்கலத்துக்கு. உடம்பு பஞ்சு மாதிரி. யார் யாருக்கு நன்றி சொல்வது? டாக்டர். கஞ்சி வைத்த அக்கா. நாலு வாரமாக அணைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த இவர். மிஸ்ஸம்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மிஸ்ஸம்மா ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார். அண்ணன் பெயர், அயர்லாந்து விலாசம். "நீ பெட்டியில போட்டுரு மக்கா. எங்கிட்ட இருந்தா கிழிச்சுப் போடுவேன்."

"தா, நான் போட்டுட்டு வாறேன், நீ நிழல்ல இரி," என்றார் இவர். கொடுக்கவில்லை. தபாலாபீஸ்வரை மெதுவாக நானே நடந்தேன். போட்டுவிட்டு, சந்தேகத்துக்குப் பெட்டி வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே போய்விட்டது.