குளியல் தொட்டியில் கை வைக்காதீர்கள்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். குளியல் தொட்டிக்கு நேற்று நான் அடித்த வெள்ளைப் பூச்சு நாளைக் காலைவரை காய வேண்டும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. முகத்தைச் சமையலறைக் குழாயில் கழுவிக்கொள்ளுங்கள். இன்று ஒரு நாள் குளிக்காமல் இருங்கள். உங்களுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. வாடை போகட்டும், ஜன்னலைச் சாத்த வேண்டாம். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

இன்னொன்று. குழாய் மாற்றும்போது ஸ்பேனரைப் போட்டுத் தொட்டியின் எனாமலைப் பெயர்த்தது நீங்கள்தான் என்று பதினைந்து நாளாகக் கரித்துக் கொட்டினேன். நேற்று அந்த இடத்துத் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். ஓரத்திலிருந்து வெள்ளை நெயில் பாலிஷ் உரிந்து வந்தது. போன வருஷம் பூந்தொட்டியைத் தவறவிட்டு, பெயர்ந்த இடத்தில் நான்தான் அதைப் பூசி மறைத்தேன். அடியோடு மறந்துவிட்டேன். நீங்களும் “சரி, நான்தான்னு வெச்சுக்கோ” என்று போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம் இல்லையா?

சாவி செருப்பு அலமாரி மேல்.

சொல்ல மறந்துவிட்டேன்: குழாய்க்குக் கீழே பூச்சில் ஒரு விரல் பதிந்திருக்கும். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தது நான். அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும், அடுத்த சண்டையில் உங்களுக்கு உதவும்.