காலையில் எனக்குப் பதினெட்டு வயசு

என் வாயாடி அம்மாவுக்கு,

சுகமா இருக்கியான்னு கேட்க மாட்டேன். போன இடத்திலயும் நாலு பேரைக் கூட்டிவச்சு நியாயம் பேசிக்கிட்டுத்தான் இருப்பே. நீ போய் ஏழெட்டு குறுவை ஆயிடுச்சு. இந்த வருஷமும் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நடவுக்கு இப்ப மெஷின் வருது. உன் சிநேகிதி ராசாத்தி அத்தை வரப்புல உக்காந்து அதைத் திட்டிக்கிட்டே வேடிக்கை பார்க்குது.

உனக்கு ஒரு சேதி. நேத்து நன்னிலத்துல யூனியன் ஆபீஸ்ல கூட்டம். டீச்சருங்க, என்னை மாதிரி சத்துணவு அமைப்பாளருங்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தாங்க. என் மகன் வயசு இருக்கும், ஒரு ஆபீசர், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பத்திப் பேசினார். பேசி முடிச்சுட்டு, இவ்வளவு சட்டம் போட்டோமே, நெசமாவே பிள்ளைங்க வேலைக்குப் போறது அதால குறைஞ்சுதா, உங்க அனுபவத்துல சொல்லுங்கன்னார். எல்லாரும் டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எழுந்திருச்சது யாரு தெரியுமா? உன் மகதான். மைக்கு கைக்கு வந்தா விடுவேனா? உன் ரத்தமாச்சே.

அங்க சொன்னதை உனக்கும் ஒரு தரம் சொல்றேன். உயிரோட இருந்தா வார்த்தைக்கு வார்த்தை குறுக்கே பேசுவே. இப்ப என் முறை, சும்மா கேளு.

எனக்கு அப்ப ஒன்பது வயசு, அப்பா போன மறுவருஷம்னு ஆரம்பிச்சேன். மத்த நாள்ல பள்ளிக்கூடம், நடவு வந்துட்டா உன் பின்னாலயே வயலுக்கு. கட்டுக் கட்டா இருக்கிற நாத்து முடியைத் தூக்கிட்டுப் போய் நடுறவங்க கைக்கு எட்டுற மாதிரி போடுறது என் வேலை. எனக்குப் பேரு அரை ஆளு. அரை ஆளுக்கு அரைக் கூலி, நெல்லா அளப்பாங்க. அளக்கிறவர் காரியக்காரர். அந்த ஆபீசருக்கு காரியக்காரர்னா யாருன்னே தெரியலைம்மா! பண்ணையார் சார்பா ஆளு கூப்பிட்டு வேலை வாங்கி கூலி அளக்கிறவர்னு விளக்க வேண்டியதாப் போச்சு.

என்னை அரை ஆளுன்னு சொன்னா உனக்கு வயிறு எரியும். ஆனா குத்தாலத்துக்கு மாமா வீட்டுக்குப் போறப்ப நீயே என்னை மடியில அமுக்கிக்கிட்டு, இன்னும் அஞ்சு முடியலைன்னு கண்டக்டர்கிட்ட சத்தியம் பண்ணுவே. பஸ்ஸுல குனிஞ்சு உக்காரு, வயல்ல நிமிந்து நில்லுன்னு நீ சொல்றதைச் சொன்னதும் ஹாலே சிரிச்சுது.

அந்த வருஷம் நம்ம ஊரு சரியில்லை, உனக்குத் தெரியும். கூலி கூட்டிக் கேட்டு சங்கத்துக்காரங்க கொடி நட்டிருந்தாங்க. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் நிலத்தை யார் யார் பேருலயோ எழுதி வச்சிருந்தார். ஜீப் சத்தம் கேட்டாலே பண்ணையில கணக்கு நோட்டை ஒளிச்சு வைப்பாங்க.

அப்படி ஒரு காலையில ஜீப் வந்து நின்னுச்சு. சின்னப் பிள்ளைங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்காம், பார்க்க வந்திருக்காங்கன்னு சேதி வரப்பு வழியா ஓடி வந்துச்சு. நீ தலைத்துண்டை அவுத்து என் பாவாடைக்கு மேல தாவணி மாதிரி சுத்திவிட்டே. முன்னால ஒரு பல்லு விழுந்திருந்துச்சே, அதனால வாயைத் திறக்காதேன்னு காதைத் திருகினே.

ஜீப்புல வந்தவர் நேரா என்னைத்தான் பார்த்தார். இதுக்கு என்ன வயசுன்னு கேட்டார். நீ வாயைத் திறக்கறதுக்குள்ள காரியக்காரர் முந்திக்கிட்டார்.

"எல்லாம் பதினெட்டு தாண்டினதுங்க சார். சாப்பாடு பத்தாது, அதான் வளர்த்தி கம்மி."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஓட்டைப் பல்லு பளிச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் பார்த்தார். பார்த்துட்டு அடுத்த ஊருக்கு வண்டியை விடச் சொல்லிட்டார். சட்டம் வந்த வேகத்துலயே போயிடுச்சு.

சாயங்காலம் களத்துல நெல்லு அளந்தாங்க. என் முறை வந்தப்ப காரியக்காரர் வழக்கம்போல அரைக் கூலி அளந்துட்டு கையைத் தட்டினார். நீ நகரலை. முந்தானையை ஏந்தினபடியே நின்னே.

"காலையில பதினெட்டு வயசு. சாயங்காலம் குறைஞ்சுடுமாங்க? முழுசா அளந்து போடுங்க."

ஜீப்பு இன்னும் பக்கத்து ஊர்லதான் நிக்குது, சந்தேகம்னா அவரையே போய்க் கேட்டுட்டு வரவான்னு வேற கேட்டே. உன் பின்னாலயே அரை ஆளு வச்சிருந்த அத்தனை பொம்பளைங்களும் முந்தானையை விரிச்சாங்க. காரியக்காரர் முகம் போன போக்கை ராசாத்தி அத்தை இன்னிக்கும் நடிச்சுக் காட்டும். வேற வழியில்லாம அளந்து போட்டார். என் நெல்லைத் தனியா மூட்டை கட்டி என் தலையில வச்சு, நடுத்தெருவுல என்னை முன்னால விட்டு நடந்தே. கழுத்து வலிச்சுது. ஆனா அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலையில காரியக்காரர் நம்ம தெருமுனைக்கு வந்து சொல்லிட்டார். முழுக் கூலின்னா முழு ஆளுதான் வரணும், இனிமே பொடிசுங்க யாரும் வேண்டாம். நீ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு தெருவையே கூட்டினே. என் வாயே என் பிள்ளை பொழப்பைக் கெடுத்துடுச்சேன்னு அழுதே. நான் அழலை. பள்ளிக்கூடத்துல அன்னிக்கு முட்டை போடுவாங்க.

கொஞ்ச நாள் நம்ம வீட்டுல கஞ்சி தண்ணியாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க வயல்லயும் நாத்து எடுத்துப்போட ஆளில்லை. நட்ட பொம்பளைங்களே கரைக்கும் வயலுக்கும் நடந்து நடந்து வேலை இழுத்துப்போச்சு. நாத்து முத்துது, ஆளு பத்தலை. சங்கத்துக்காரங்க கேட்டுக்கிட்டிருந்த கூலியை இப்ப நீங்களும் சேர்ந்து கேட்டீங்க. பண்ணையார் கொடுத்தார். ரெண்டு பேரா சம்பாதிச்சதை நீ ஒருத்தியா கொண்டுவந்தே. நான் திரும்ப வயல்ல இறங்கவே இல்லை.

எல்லா ஊர்லயும் இப்படி நடக்கலைன்னும் சொன்னேம்மா. பொய் சொல்ல முடியுமா? சட்டம் வந்த பிறகும் மாட்டுக்குப் பின்னால போன பிள்ளைங்க உண்டு, செங்கல் சூளைக்குப் போனதுங்க உண்டு. சட்டம் தானா எதையும் செய்யலை, கேட்க ஒரு வாய் இருந்த இடத்துல செஞ்சுதுன்னேன்.

அந்த ஆபீசர் சிரிச்ச சிரிப்பைப் பார்க்கணுமே. "அம்மா, அன்னிக்கு இருந்த அந்தச் சட்டத்துல வயல் வேலை கிடையவே கிடையாதும்மா"ன்னார். பட்டறை, கம்பெனி இதுக்குத்தானாம். வந்தவர் எந்த ஜீப்போ, எதுக்கு வந்தாரோ! நமக்கே இல்லாத சட்டத்தைக் காட்டியா முழுக் கூலி வாங்கினே? உன்னை என்னன்னு சொல்றது?

கடைசியா, இப்படி ஆகும்னு உங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டார். எங்கங்க, நெல்லுக்காகக் கேட்டுது, அப்புறம் வாரம் பூரா தன் வாயையே திட்டிக்கிட்டு இருந்துச்சுன்னேன். கை தட்டினாங்க.

டவுன் பஸ்ஸுல வீட்டுக்கு வந்தேன். நீ போன பிறகு வந்த புதுசு இது: பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசே கிடையாது. யாரையும் மடியில அமுக்க வேண்டியதில்லை. எனக்கு முன் சீட்டுல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அதைப் பார்த்துக்கிட்டே வந்தப்பத்தான் எனக்கு உறைச்சுது.

நடவு நாள்ல சேறு படக்கூடாதுன்னு என் தலையை உச்சியில கொண்டை போட்டுத் துணியால கட்டிவிடுவே. ரெட்டைச் சடை பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். அன்னிக்கும் நடவு நாள்தான். ஆனா காரியக்காரர் தெருமுனைக்கு வந்தப்ப, நான் உன் முன்னால உக்காந்திருந்தேன். ஒரு சடை முடிஞ்சு ரிப்பனும் கட்டியாச்சு. ரெண்டாவதைப் பின்னிக்கிட்டு இருந்தே. அவர் சொன்னதைக் கேட்டுட்டு, அதையும் பின்னி முடிச்சு ரிப்பன் கட்டிட்டுத்தான் எழுந்து போய் நெஞ்சுல அடிச்சுக்கிட்டே.

அம்மா, தெரிஞ்சேதான் செஞ்சியா? அந்த அழுகை யாருக்கு?

பஸ்ஸுல தனியா சிரிச்சேன், கண்ணுல தண்ணியும் வந்துடுச்சு. என்னம்மா ஆச்சுன்னு கண்டக்டர் கேட்டார். எங்க அம்மாகிட்டேருந்து சேதி வந்திருக்குன்னேன்.

நான் இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. என் சத்துணவுல எந்தப் பிள்ளையாவது ரெண்டு நாள் சேர்ந்தாப்பல தட்டு தூக்கிட்டு வரலைன்னா, அது வீட்டு வாசல்ல போய் நிப்பேன். அதுக்குச் சட்டம் இருக்கா இல்லையான்னு பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன். உன் தொண்டை எனக்கு இருக்கு. கையில ரெண்டு ரிப்பனும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரே வருஷத்துல அஞ்சு, ஒன்பது, பதினெட்டு எல்லாம் ஆன உன் மக,
மலர்க்கொடி