ஐந்தரை மணி நேரம்

நவம்பர் 4, செவ்வாய்
அடையாறு ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர். பழையதில் நான் எழுதி வைத்திருந்த புரோகிராம்களை எல்லாம் அப்படியே மாற்றிப் போட்டேன். குப்பத்தில் ஆறு மீனவர்களுக்குச் சோதனையாகக் காற்று எச்சரிக்கை அனுப்புகிறோம். போனில் பேசுவது என் குரல். ஒரு மணி, இரண்டு மணி என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பதிந்து கொடுத்தேன், கம்ப்யூட்டர் கோத்துக்கொள்ளும். வீட்டில் அம்மா, “எங்கிட்ட இவ்ளோ அழகா பேசினதில்லையே” என்கிறாள்.

நவம்பர் 6, வியாழன்
காலையில் அடித்த காற்றில், அந்த ஆறு பேரில் ஒருவரான ஜானின் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன பெரியவர் குப்பனுக்குக் கால் முறிவு. அவர் மகள் மேகலா போன் செய்தாள்.

“வானத்தைப் பாத்துட்டுத் திரும்பலாம்னு அப்பா சொல்லிக்கீறாரு. பன்னெண்டு மணிக்குதான் காத்துனு போன்ல சொன்னாங்கன்னு ஜான் அண்ணன் இழுத்துக்கினு போயிருக்காரு. நெஜமாம்மா?”

எங்கள் இணையதளத்தைப் பார்த்தேன். காலை 6.30 என்று இருந்தது. அதையே சொன்னேன்.

நவம்பர் 8, சனி
ஜான் மீனுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னான் என்று குப்பம் முழுக்கப் பேச்சாம். குப்பன் ஜான் முகத்தைப் பார்ப்பதில்லையாம். எனக்கும் கோபம்தான்.

நவம்பர் 10, திங்கள்
ஜானுக்குப் போன பதிவை இன்றுதான் கேட்டேன். “பகல் பன்னிரண்டு மணிக்கு” என்கிறது என் குரல்.

காற்றுக் கணிப்பு வரும் ஃபைலில் நேராக மணி இருக்காது. கணிப்பு தொடங்கிய நேரம் ஒன்று, அதிலிருந்து இத்தனை மணி நேரம் கழித்து என்று ஒன்று. தொடக்கம் கிரீன்விச் நள்ளிரவு, நமக்கு விடிகாலை ஐந்தரை. இருபத்தைந்து மணி நேரம் கழித்துக் காற்று என்றால் மறுநாள் ஆறரை. பழைய கம்ப்யூட்டர் ஓடியது கிரீன்விச் நேரத்தில்; அங்கே அந்த ஐந்தரையைக் கூட்டியது நான் எழுதிய வரி. புதியது இந்திய நேரத்தில் ஓடுவதால் தானே கூட்டிவிடுகிறது. அதன் மேல் என் வரியும் கூட்டி, ஆறரை பன்னிரண்டாகியிருக்கிறது. இணையதளம் ஓடுவது வேறு கம்ப்யூட்டரில், அதற்கு என் வரி கிடையாது, அதனால் அங்கே சரி.

மாத்தினப்போ ஒரு தடவை கேட்டுப் பாத்திருந்தா என்ன? ஒரு தடவை. கேக்காம, அந்த மனுஷனைப் பொய்யனா வேற ஆக்கிட்டேன் -

மேலதிகாரி ஜெயஸ்ரீ மேடத்திடம் சொன்னேன். “கடல்ல எது வேணா நடக்கும், மஹ்விஷ். திருத்திடு. வெளியில பேசாதே.”

நவம்பர் 11, செவ்வாய்
பேசிவிட்டேன்.

குப்பத்துக்கே போனேன். குப்பன் வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். ஜானையும் வரச்சொல்லி, அந்தப் பதிவை இருவருக்கும் போட்டுக் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன்.

“நீதானே ஆறரைன்னு சொன்ன?” என்றாள் மேகலா. ஆமாம் என்றேன்.

ஜான் வாசற்படியிலேயே நின்றிருந்தார். குப்பன் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார். “இன்னாடா நின்னுக்கினு கீற. குந்து.”

நவம்பர் 17, திங்கள்
சோதனையை நிறுத்திவிட்டார்கள். மேடம் என்னோடு பேசுவதில்லை. நியாயம்தான். ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

நவம்பர் 25, செவ்வாய்
மாலையில் ஜான் போன் செய்தார். “நாளைக்குக் காத்து எப்பம்மா? மிஷின் சொல்ல வேணாம். நீயே பாத்து சொல்லு.”

ஃபைலைத் திறந்து, விரல் விட்டு எண்ணி, ஐந்தரையை ஒரே ஒரு முறை கூட்டினேன். காலை எட்டரை.

“இரு, குப்பன் மாமா பக்கத்துலதான் கீறாரு. அவராண்டயும் சொல்லு.”

சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.