துப்பத் தெரியாத வழிகாட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மழையில் ஆப்பிள் தோப்புக்குப் போகாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்! நான் நலம். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இங்கே பர்கண்டியில் சைக்கிள் பயணிகளை வைன் நிலவறைகளுக்கு அழைத்துப் போகும் இந்த வேலை நிலைக்குமா என்பது நிலவறைக்காரர்கள் சொல்வதைப் பொறுத்தது. போதை ஏறாமலிருக்க, ருசி பார்த்த வைனை வாளியில் துப்பிவிட வேண்டும். எனக்கோ துப்ப மனம் வரவில்லை. நேற்று மூன்று இடங்களிலும் விழுங்கிவிட்டேன். மூன்றாவது நிலவறையிலிருந்து கிளம்பியதும் பாதை வளைந்தது, நான் வளையவில்லை. பயணிகள் கண்ணெதிரே சைக்கிளோடு திராட்சைக் கொடிகளுக்குள் போய் உட்கார்ந்தேன்.

அந்த நிலவறைக்காரர் ஒதிலோன் ஓடிவந்தார். "ஏம்மா, அறுவடைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே, அதுக்குள்ள இறங்கிட்டீங்களா? துப்பத் தெரியாத ஆளை யாரு வழிகாட்டியா வெச்சது?"

"எங்கப்பா ஆப்பிள் மது செய்யறவருங்க. அதைத் துப்பினா வீட்டுல ராத்திரி சூப் கிடைக்காது."

"அப்ப என் வைனையும் துப்பலையா?"

"ஒரு சொட்டுகூட இல்லைங்க."

மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது வருஷமா எல்லாரும் என் மூஞ்சி முன்னாடியே துப்பிட்டுத்தான் பிரமாதம்ங்கிறாங்க," என்றார். எங்கள் அலுவலகத்தில் எனக்காக அவரே பேசினார். வேலை நிலைத்துவிட்டது. ஆனால் இனி அவருடைய நிலவறைதான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டுமாம்.

உங்கள் ஆப்பிள் மதுவை ருசி பார்க்க அவருக்கு ஆசை. இரண்டு புட்டி அனுப்புங்கள். உடையாமலிருக்க உங்கள் பழைய ஸ்வெட்டரில் சுற்றுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

வாசலில் சைக்கிள் மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் நோல்வென்